கடலூரில் என் குறட்டைக்குச் சாட்சி

பாண்டிச்சேரியிலிருந்து கடலூருக்குப் போனதை வெளிநாட்டுப் பயணம் என்று எழுதினால் படிப்பவர்கள் சிரிக்கலாம். மனது வைத்தால் சைக்கிளிலேயே போய்த் திரும்பிவிடுகிற தூரம். ஆனால் அந்தப் பக்கம் சுதந்திரம் வந்துவிட்டது, எங்கள் பக்கம் இன்னும் பிரெஞ்சுக் கொடிதான் பறக்கிறது. நடுவில் ஒரு சாவடி, சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில், பக்கத்தில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் நம் மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறார்கள். அதைத் தாண்டினால் வேறு தேசம். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குத் தெரிந்த பூகோளம் அவ்வளவுதான்.

எனக்குத் தையல் வேலை. கொஞ்ச காலமாக ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் தூங்காதவன் மாதிரியே எழுந்துகொண்டிருந்தேன். தலை கனக்கும், வாய் காய்ந்து கிடக்கும். மிஷினில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிடும். அப்படிச் சொருகினபோது ஒரு தரம் ஊசி ஆட்காட்டி விரலில் இறங்கிவிட்டது. அது ஆறுவதற்குள் இன்னொரு தரம் இறங்கி, உள்ளேயே முறிந்துபோனது. விரல் போய்விட்டால் தையல்காரனுக்கு அப்புறம் என்ன இருக்கிறது? காசமோ, சர்க்கரையோ, பெயர் தெரியாத வேறு எதுவோ என்று ஒவ்வொரு வியாதியாக எடுத்து வைத்துக்கொண்டு பயந்தேன்.

என் மனைவி மட்டும் காரணம் குறட்டைதான் என்றாள். மஞ்சக்குப்பத்தில் மூக்குக்கும் தொண்டைக்கும் தனியாகப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருப்பதாக அவள் தம்பி, என் மச்சான், சொல்லியிருந்தான். அவரைப் பார்த்துவிட்டு அப்படியே சிதம்பரத்துக்கும் போய், தான் நேர்ந்துகொண்டதை முடித்துவிடலாம் என்றாள். என்ன நேர்ந்துகொண்டாய் என்று கேட்டேன். பதில் வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகள் குறைவு. அதனால் அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

சாவடியிலேயே மானம் போயிற்று. என் பையில் ஒரு பனியன் இருந்தது. அதன் முதுகுப் பக்கம், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஒரு சின்னப் பையைத் தைத்து அதற்குள் கொட்டைப்பாக்கைப் போட்டு மூடியிருந்தேன். மல்லாந்து படுத்தால் பாக்கு குத்தும், குத்தினால் புரண்டு படுப்போம், புரண்டு படுத்தால் குறட்டை குறையும் என்று மச்சான் சொல்லிக்கொடுத்த வைத்தியம் அது. சோதனை செய்தவர் அந்த இடத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். எங்கள் பக்கத்திலிருந்து தங்கம் கடத்திக்கொண்டு போகிறவர்கள் இப்போது அதிகம். அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாய்யா இது, முதுவுல பாக்கெட்டு? எவனாவது முதுவுல பாக்கெட்டு வெப்பானா?"

பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் குறட்டை என்கிற ஒரு வார்த்தையை மட்டும் எப்படியோ வெளியே தள்ளினேன். அவர் தையலைப் பிரித்து, பாக்கை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒன்றைக் கல்லில் வைத்துத் தட்டி உடைத்தும் பார்த்தார். உள்ளே பாக்குதான். பிறகு குரலைத் தணித்து, எவ்வளவு அகலத்துக்குத் துணி வெட்ட வேண்டும் என்று கேட்டார். அவர் மாமனார் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறாராம்.

பஸ் கரியில் ஓடுகிற பஸ். பெண்ணையாற்றுப் பாலத்துக்கு முன்னால் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளச் சொன்னார்கள். எல்லாரும் இறங்கினார்கள். நான் அதற்குள் தூங்கிப் போயிருந்ததால் என்னையும் சேர்த்துத்தான் தள்ளினார்கள் என்று மனைவி பிறகு சொன்னாள்.

மச்சானுக்குக் கடலூர் கோர்ட்டில் டவாலி உத்தியோகம். குறுக்கே பட்டை போட்டுக்கொண்டு ஜட்ஜுக்கு முன்னால் நடப்பவன். அவன் வீட்டில் அன்றைக்கு வஞ்சிர மீன் குழம்பு. குழம்பின் வாசனை எட்டு வீட்டுக்கு அடிக்கிறது என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்டான். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. எனக்கு வாசனை போய் வெகுகாலம் ஆகியிருந்தது. மூக்குப்பொடி போடுகிறவனுக்கு அது சகஜம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பொடியும் மிஷினில் தூக்கம் வராமல் இருப்பதற்காகப் பிடித்த பழக்கம்தான்.

மறுநாள் காலையில் டாக்டரிடம் போனோம். மஞ்சக்குப்பம் மைதானத்தைப் பார்த்த வீடு. எங்கள் ஊரில் தெருவெல்லாம் கயிறு பிடித்தது போல நேராக இருக்கும். இங்கே எல்லாம் விஸ்தாரமாகப் பரந்து கிடக்கிறது. நடுவே அவ்வளவு பெரிய மைதானம், சுற்றிலும் சர்க்கார் கச்சேரிகள், புளியமரத்தடியில் வக்கீல் குமாஸ்தாக்கள், வழக்குக்கு வந்த கட்சிக்காரர்கள், மாட்டு வண்டிகள். மச்சான் வேண்டுமென்றே டவாலிப் பட்டையோடு வந்திருந்தான். கூட வந்தால் மரியாதையாக இருக்கும் என்று உள்ளேயும் அவனை நான்தான் அழைத்துப் போனேன். நான் செய்த தப்பு அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

டாக்டர் யுத்தத்தில் இருந்துவிட்டு வந்தவர். பாண்டிச்சேரி என்றதும் முதல் கேள்வி, குடிப்பீங்களா என்பதுதான். இந்தப் பக்கம் மதுவிலக்கு வந்த பிறகு பாண்டிச்சேரிக்காரன் யாரைக் கண்டாலும் அதையே கேட்கிறார்கள். குடித்துவிட்டுப் படுத்தால் தொண்டைச் சதை தளர்ந்து சத்தம் ஜாஸ்தியாகுமாம். நான் குடிப்பதில்லை. பொடி, எடை, மல்லாந்து படுப்பது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்குக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். இடது மூக்கில் உரித்த நுங்கு மாதிரி ஒரு சதை வளர்ந்து நிற்கிறது என்றார். புற்றா என்று கேட்டேன். இல்லை, சாதாரண சதைதான் என்றார். நான் நம்பவில்லை.

இதை உடனே எடுக்க வேண்டுமா, கொஞ்ச நாள் மருந்து விட்டுப் பார்க்கலாமா என்பது ராத்திரியில் மூச்சு எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது என்றார் அவர். நான் சத்தம் ரொம்பப் பெரிதாக இருக்கும் என்று சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"நீங்க சொல்லி என்ன? உலகத்துலயே உங்க குறட்டையைக் கேக்காத ஆள் நீங்க ஒருத்தர்தான். பக்கத்துல படுக்கறவங்க சொல்லணும்."

சொல்லிவிட்டு என் மனைவியைப் பார்த்தார். அவள் கதவோரம் நின்றிருந்தாள். அவள் பக்கத்திலேயே டவாலியோடு தம்பி.

அவள் சொன்னாள்: "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் தூங்குறாங்க. லேசா மூச்சுச் சத்தம் வரும். அவ்ளோதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் கூரையைப் பார்த்தான். ஊசி குத்திய விரலைக் காட்டினேன். தூக்கக் கலக்கம் யாருக்கும் வரலாம் என்று சொல்லி, ஆவி பிடிக்கவும் மூக்கில் விடச் சொட்டு மருந்தும் எழுதிக்கொடுத்து, பொடியை விடச் சொல்லி, சரியாகாவிட்டால் அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வாசலுக்கு வந்ததும் மச்சான் அக்காவைப் பிடித்துக்கொண்டான். "ஏங்கா, பஸ்ஸைத் தள்ளிக்கினு வந்து, டாக்டரு மூஞ்சியெ பாத்து, ஒண்ணுமில்லேன்னு சொல்லவா வந்தே? மாமா கொறட்டையிலே நேத்து எங்க வூட்டு ஓடு ரெண்டு நவுந்துபோச்சு." அவள் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நானும் கேட்கவில்லை. கோபம் இருந்தது. அதைவிட, சதையைப் பற்றிய பயம் பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் சிதம்பரத்துக்கு ரயில். திருப்பாதிரிப்புலியூரில் ஏறினோம். பரங்கிப்பேட்டை தாண்டுவதற்குள் நான் பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். அவர் என்னைத் தள்ளி விடாமல், பெட்டியில் இருந்தவர்களிடம், கிடக்கட்டும் பாவம், எஞ்சினுக்குத் துணையாக இருக்கிறார் என்றாராம். விழித்தபோது எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஒருவர் வெள்ளரிப் பிஞ்சு கொடுத்தார்.

கோயிலில் மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்தாள். உண்டியலில் போடுவதற்கு முன் ஒரு கணம் பார்த்துவிட்டேன். நகத்தளவு வெள்ளித் தகடு, அதில் அச்சடித்த ஒரு மூக்கு. கை, கால், கண் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூக்குக்காகத் தட்டானிடம் தனியாகச் சொல்லிச் செய்திருக்க வேண்டும். ஒரு குறட்டைக்கு இவ்வளவா என்று நினைத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

மத்தியானம் சத்திரத்தில் சம்பா சாதமும் கொத்சுவும் கிடைத்தன. கத்தரிக்காயைச் சுட்டு மசித்த அந்தக் கொத்சுவை எங்கள் ஊர் ரொட்டிக்குத் தொட்டுச் சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இன்னொரு கவளம் வாங்கினேன். வாசனை தெரியாதவனுக்கே அது அத்தனை ருசி. பிறகு கூடத்தில் எல்லாரையும் போல நானும் துண்டை விரித்துப் படுத்தேன். மச்சான் வீட்டில் திரும்பத் தைத்து வைத்திருந்த பாக்குப் பனியனைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டேன்.

விழிப்பு வந்தபோது உடம்பு அசையவில்லை. கண்ணைத் திறக்குமுன் காதில் ஒரு பெண்பிள்ளையின் குரல் விழுந்தது. கம்மாபுரத்திலிருந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் பாய் போட்டிருந்த அம்மாள். பெரிய குரல். யாரையும் அதட்டியே பேசிப் பழகினவள்.

"ஏம்மா, சத்தமா இருந்தா எழுந்து அந்தாண்டே போயிடலாம். அது பரவாயில்லே. நடுவுலே மூச்சே நின்னு போச்சே. நான் பயந்துபோயி ஆளெக் கூப்புடலாம்னு எழுந்துட்டேன். அப்புறம் திமுக்குனு இழுத்துக்கினு வருது. எப்பவும் இப்பிடித்தானா?"

நான் கண்ணைத் திறக்கவில்லை.

"எப்பவும்தான்," என்றாள் என் மனைவி. "தெனம் ராத்திரி நிக்கும். நான் மூக்குக்கிட்டே வெரலெ வெச்சுக்கினு உக்காந்திருப்பேன். காத்து படற வரைக்கும் எனக்கும் மூச்சு வராது. ரொம்ப நேரமாயிட்டா தோளெப் புடிச்சு உலுக்குவேன். புரண்டு படுப்பாங்க. மறுபடி ஆரம்பிக்கும். பொழுது விடியறப்போதான் நான் கொஞ்சம் சாயறது."

"உங்க ஊட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"சொன்னா பயந்துடுவாங்க. சாதாரண தும்மலுக்கே சாவு வருமான்னு கேக்கறவங்க. இதெச் சொன்னா தூங்கவே மாட்டாங்க."

"டாக்டருகிட்டே சொன்னியா?"

தம்பி பக்கத்தில் நின்றான் என்றாள் என் மனைவி. பிறந்த வீட்டு ஆள் காதில் விழும்படி புருஷனுக்கு ஒரு குறை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள். இவர்களும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள். எனக்கு முன்னாலும் அவளால் சொல்ல முடிந்திருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

கம்மாபுரத்து அம்மாள் விடவில்லை. "ஏண்டி, அந்த ஆளுகிட்டே சொல்லாமெ எங்கிட்டே சொல்லி என்னா ஆவப்போவுது? நானா கத்தி எடுத்து அறுக்கப் போறேன்? எனக்குக் கத்தரிக்கா அறுக்கத்தான் தெரியும்."

என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அழுகை இருந்தது என்று எழுதினால் அலங்காரமாகப் போய்விடும். மூக்கைச் சிந்தினாள், அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. நான் இன்னும் கொஞ்ச நேரம் தூங்குகிற மாதிரியே கிடந்தேன். வாழ்நாளில் எத்தனையோ கற்பனை வியாதிகளுக்குப் பயந்திருக்கிறேன். நிஜமாகப் பயப்பட வேண்டிய ஒன்றை இவள் தனியாக வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு வெள்ளி மூக்கும் செய்து வாங்கியிருக்கிறாள். அதிசயம் என்னவென்றால், கேட்டவுடன் வர வேண்டிய அந்தப் பெரிய பயம் எனக்கு வரவில்லை. பெயர் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது ஓர் இடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இதை டாக்டர் காதில் சேர்த்தாக வேண்டும். அது ஒன்றுதான் வேலை.

மறுநாள் காலையில் மறுபடி மஞ்சக்குப்பம். மச்சானிடம் கோர்ட்டுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன். அவன் லீவு சொல்லிவிட்டேன் மாமா என்றான். அப்படியானால் மைதானத்துக்கு அந்தப் பக்கம் போய் ஆவி பிடிக்க நொச்சி இலை கிடைக்குமா என்று பார்த்து வா என்று அனுப்பிவிட்டேன். டாக்டர் அறைக்குள் போய், என் சாட்சியைத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன், இவளைக் கேளுங்கள், நான் வெளியே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகப் பாதி அறை தெரிந்தது. பேச்சு கேட்கவில்லை. அவள் முதலில் தலையைக் குனிந்தே நின்றாள். பிறகு கையைத் தூக்கி, ஆட்காட்டி விரலைத் தன் மூக்குக்குக் கீழே வைத்துக் காட்டினாள். வைத்தபடி அசையாமல் நின்றாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரல் அங்கே இருந்த நேரத்தில் மைதானத்தில் ஒரு வண்டி இந்தக் கோடியிலிருந்து பாதித் தூரம் போய்விட்டது. அப்புறம்தான் விரலை எடுத்தாள்.

டாக்டரே வந்து கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா அம்மா," என்று அவளிடம் சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பி விளக்கினார். மூக்கு அடைத்தால் வாய் திறக்கிறது. வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து தூங்கினால் நாக்கு பின்னால் சரிகிறது. தொண்டைச் சதையும் தூக்கத்தில் தளர்ந்து வழியை மூடுகிறது. பாதி மூடினால் சத்தம், முழுக்க மூடினால் மூச்சே இல்லை. மூச்சு முட்டுவதால் உடம்பு அரைகுறையாக விழித்துக்கொண்டு மறுபடி இழுக்கிறது. ராத்திரி பூரா இப்படி விழித்துக்கொண்டே இருந்தால் பகலில் மிஷினில் தூங்காமல் என்ன செய்வீர்கள் என்றார். தூக்கத்துக்குப் பயந்து பொடி போட்டேன், பொடி மூக்கை இன்னும் அடைத்தது, அதனால் தூக்கம் இன்னும் கெட்டது. சுற்றிச் சுற்றி நானே என்னைத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சதையை எடுத்தால் பாதி சரியாகும், மீதி உங்கள் கையில் என்றார். பொடி கூடாது. எடை குறைய வேண்டும். ராத்திரிச் சாப்பாடு பொழுதோடு முடிய வேண்டும். தலைப்பக்கம் உயர்த்தி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். சதை திரும்ப வளரவும் கூடும், வளர்ந்தால் திரும்ப எடுக்கலாம். பையிலிருந்து பனியனை எடுத்துக் காட்டினேன். பாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, இது நல்ல வைத்தியம், தைத்தது யார் என்றார். சாவடியில் போன மானம் அங்கே திரும்பி வந்தது.

ஆபரேஷன் என்ற வார்த்தைக்கே ஒரு ராத்திரி முழுக்கப் பயந்தேன். ஆனால் அது நான் ஒரு சட்டைக்குப் பித்தான் வைக்கிற நேரம்தான் பிடித்தது. மரத்துப்போகிற மருந்தில் நனைத்த பஞ்சை மூக்கில் வைத்தார்கள். மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்றை உள்ளே விட்டுச் சுண்டி இழுத்தார்கள். எனாமல் தட்டில் பொத்தென்று ஏதோ விழுந்தது. பார்த்தேன். நுங்குதான். அவ்வளவு பெரியது இவ்வளவு சின்ன மூக்கில் எங்கே குடியிருந்ததோ.

அன்றைக்கு மூக்கு நிறையத் துணித் திரி அடைத்திருந்ததால் பாடு முன்னைவிட மோசம். சதையை எடுத்ததே தப்போ என்று பயந்தேன். மச்சான் கூரை ஓடுகளை எண்ணப் போவதாகச் சொன்னான். திரியை எடுத்த மறுநாள் சாயங்காலம் கெடிலத்தங்கரை வரை நடந்தோம். பாலத்துக்குக் கீழே யாரோ கருவாடு உலர்த்தியிருந்தார்கள். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனாள். நான் நின்றுவிட்டேன். முதலில் என்னவென்றே புரியவில்லை. பிறகு இது கருவாட்டு நாற்றம் என்று தெரிந்தது. அவள் திரும்பிப் பார்த்து, என்னாங்க அங்கேயே நிக்கிறீங்க என்றாள். ஒன்றுமில்லை, வாசனை நன்றாக இருக்கிறது என்றேன்.

ஊருக்குக் கிளம்புகிற காலையில் டாக்டரைக் கடைசியாகப் பார்த்தோம். கண்ணாடியை மாட்டி உள்ளே பார்த்தார், ஆறிவருகிறது என்றார். இந்தத் தடவை மச்சானும் இருந்தான். பட்டையோடு, அவள் பக்கத்திலேயே. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அவள் இருங்க என்று கையைக் காட்டினாள்.

டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். "நேத்து ராத்திரி எப்படிம்மா இருந்தது? மூச்சு நின்னுதா?"

"தெரியலீங்க."

"தெரியலையா? பக்கத்துலதானே இருந்தீங்க?"

அவள் தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திருடிவிட்டு அகப்பட்டவள் மாதிரி அவள் முகம் சிவந்துவிட்டது.

"நான் தூங்கிட்டேங்க," என்றாள்.